மூன்று சிலிண்டரில் ஓடிய ஞாயிறுகள்

என் வீட்டுக்காரருக்குக் கார் என்றால் உயிர் என்று எங்கள் பிளாக்கில் எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. ஓட்டுவதில் அவருக்குப் பெரிய ஆசை கிடையாது. கடலூருக்குப் போக வேண்டுமென்றால்கூட, "பஸ்ஸுலயே போயிரலாமே, குள்ளஞ்சாவடியில எறங்கி ஒரு டீ குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸ புடிக்கலாம்" என்பார். அவருக்குப் பிடித்தது பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பது. நான் காபியோடு போய், "உள்ள என்ன, சாமி தரிசனமா நடக்குது?" என்று கேட்டால் காபியை வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளேயே பார்ப்பார்.

பழைய வண்டி, இன்னொருவர் ஓட்டி அலுத்த பிறகு எங்களிடம் வந்தது. பெட்ரோல் இன்ஜின், நான்கு சிலிண்டர். நிறம் வெள்ளை என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது. நெய்வேலியில் வெள்ளைக் கார் என்று ஒன்று கிடையாது. சாம்பலும் நிலக்கரித் தூசியுமாகச் சேர்ந்து எல்லா வண்டிக்கும் ஒரே பெயிண்ட் அடித்துவிடும். வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் வண்டியை நிறுத்தி, அதற்கும் மேல் ஒரு உறை போட்டு மூடி வைத்திருந்தார். எனக்குக்கூட அவர் இவ்வளவு போர்த்திவிட்டதில்லை.

நாங்கள் இரண்டு பேருமே எலெக்ட்ரிகல் ஆட்கள். நான் டெஸ்டிங் லேபில் இருக்கிறேன். ரிலே, மீட்டர், பிரேக்கர் எது சந்தேகமாக இருந்தாலும் என் மேஜைக்கு வரும். சரியா தவறா என்று நான் சொல்ல வேண்டும். அவர் கன்ட்ரோல் பேனல் வயரிங். அனல் மின் நிலையத்தில் அவர் வயரிங் செய்த பேனலைத் திறந்து பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். ஒரு வயர் இன்னொரு வயரைத் தாண்டாது. எல்லாம் நேர்கோடு, எல்லாத் திருப்பமும் செங்கோணம், விரல்கடைக்கு ஒரு கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் கட்டு, எதுவும் தொங்காது, எதுவும் அசையாது. இதை அவர்கள் டிரெஸ்ஸிங் என்பார்கள். வயருக்குச் செய்கிற டிரெஸ்ஸிங்கில் கால்வாசியைத் தன் சட்டைக்குச் செய்திருந்தால் நான் எவ்வளவோ இஸ்திரியை மிச்சம் பிடித்திருப்பேன்.

நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவள் நான். தெற்கேயிருந்து வேலைக்கு வந்த அப்பாவுக்கு இங்கே குவார்ட்டர்ஸில் பிறந்தேன், கல்யாணமாகி இன்னொரு குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மாற்றல் என்றால் எனக்கு ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்குப் போவதுதான். வடக்கே, உத்தரப் பிரதேசத்தில் புதிதாகக் கட்டுகிற மின் நிலையத்துக்கு ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது அது எங்கள் வீட்டு வாசலுக்கு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. வரவும் இல்லை. இவர்தான் போய் அழைத்துக்கொண்டு வந்தார்.

அவர் செக்‌ஷனில் வேறொருவர் பெயர்தான் வந்தது. அந்த ஆளுக்குச் சின்னக் குழந்தைகள், உடம்பு முடியாத அம்மா. இவர் மீட்டிங்கிலேயே கையைத் தூக்கி, "நான் போறேன்" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, சாம்பார் ஊற்றிக்கொண்டே, "பொண்ணு கோயமுத்தூர் ஹாஸ்டல்ல, நீ பர்மனென்ட் வேலையில. நமக்கென்ன பிரச்சினை?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே போகச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

"நீங்களா கையத் தூக்கிட்டுப் போறீங்க. நீங்களாதான் வரணும். வாங்கன்னு நான் கூப்பிட மாட்டேன்" என்றேன்.

"சரி" என்றார்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையை முழுக்க அந்தக் காரோடு கழித்தார். அணில் வயரைக் கடிக்கிறது, தான் இல்லாதபோது யார் பார்ப்பார்கள் என்று பானெட்டுக்குள் தலையை விட்டவர் சாயங்காலம்தான் வெளியே எடுத்தார். அன்றைக்கு நான் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். ஆறிப்போனதைச் சுடவைத்துச் சாப்பிட்டார்.

அவர் போன பிறகு தினமும் போன் வரும். முதலில் நிறையப் பேசினோம். அங்கே குளிர், சப்பாத்தி, ஹிந்தி, எல்லாம் புதிதாக இருந்தது. மாதங்கள் ஆக ஆகப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று.

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"ஆச்சு. பொண்ணு பேசினாளா?"

"பேசினா."

"சரி."

இவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் "அப்புறம்" என்போம். அதன் பிறகு ஒன்றும் வராது. ஒரு தீபாவளிக்கு வந்தார், அலுப்புத் தீரத் தூங்கினார், போய்விட்டார். அடுத்த பொங்கலுக்கு யூனிட் ஓடத் தொடங்குகிற நேரம், லீவு இல்லை என்றார். அதற்கடுத்த விடுமுறைக்கும் ஏதோ ஒன்று. "வாங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடித்துப் பிடித்து வந்திருப்பாரோ என்னவோ. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. லேபில் யாராவது விசாரித்தால், "ஆம்பள இல்லாத வீட்டுல எவ்ளோ நிம்மதி தெரியுமா? துண்டு கட்டில்மேல கெடக்காது" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து துண்டு கிடக்காத கட்டிலைப் பார்த்தால் நானே ஒரு துண்டை எடுத்துப் போட்டுவைப்பேன். இப்படியே போனால் அவர் திரும்பி வரும்போது பேச ஒன்றுமில்லாத இரண்டு பேராக ஆகிவிடுவோம் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் கொஞ்சம் நீளும். அதற்குக் காரணம் நான் இல்லை, கார். ஓடாமல் கிடந்தால் பேட்டரி போய்விடும், ஞாயிறுதோறும் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து, போனை இன்ஜின் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் அங்கே ரூமில் உட்கார்ந்து கேட்பார். பக்கத்து வீட்டம்மா ஒருநாள் எட்டிப் பார்த்து, "ஏங்க, இன்ஜினுக்கா போன் வந்திருக்கு?" என்று கேட்டே விட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

போன மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிறு, அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "நிறுத்து நிறுத்து. ஒரு சிலிண்டர் அடிக்கல" என்றார்.

எனக்கும் வண்டி கொஞ்சம் உதறுவதுபோலத்தான் இருந்தது. ஆக்சிலேட்டரை லேசாக அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். சத்தம் விட்டுவிட்டு வந்தது. இன்னொரு தடவை அமுக்கச் சொன்னார். பிறகு, "மந்தாரக்குப்பத்துல நம்ம மெக்கானிக்கக் கூப்பிட்டுக் காட்டு. பிளக், காயில் எல்லாம் பாக்கச் சொல்லு" என்றார்.

மந்தாரக்குப்பம் மெக்கானிக் நல்ல மனிதர். எந்த வண்டியைப் பார்த்தாலும் அவர் முதலில் சொல்வது தூசியைப் பற்றித்தான். உறையை விலக்கியதுமே ஆரம்பித்துவிட்டார்.

"ஓட்டாம வூட்லயே போட்டுகினு இருந்தா இப்டித்தாங்க ஆவும். இந்த ஊரு தூசிக்கு இன்ஜெக்டர் என்னா, மனுஷன் நெஞ்சே அடச்சிக்கும்."

பிளக்கை மாற்றினார், பிளக்குக்குத் தீப்பொறி தருகிற காயிலை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். அதிலெல்லாம் ஒன்றும் மாறவில்லை. நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி எடுத்துக்கொண்டுபோய்ச் சுத்தம் செய்து மறுபடி மாட்டினார். ஸ்டார்ட் செய்தால் அதே உதறல். "கரென்ட் சமாச்சாரங்க இது. வயரிங் ஆள வெச்சுதான் பாக்கணும்" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். இரண்டு எலெக்ட்ரிகல் ஆட்கள் இருக்கிற வீட்டில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அன்று போனில் அவரிடம், "நானே பாக்கறேன். என்ன பெரிய இது? ஒரு காயிலு, ரெண்டு வயரு" என்றேன்.

உண்மையிலேயே அவ்வளவுதான். இன்ஜெக்டர் என்பது பெட்ரோலைப் பூத்தூறலாகத் தெளிக்கிற ஒரு குழாய். அதற்குள்ளும் சின்னதாக ஒரு காயில், செம்புக் கம்பிச் சுருள். கரென்ட் வந்தால் திறக்கும், போனால் மூடும். சாவி ஆனில் இருக்கும்வரை ஒரு வயரில் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். இன்னொரு வயரை இன்ஜினின் மூளைப் பெட்டி கண் சிமிட்டும் நேரத்துக்கு எர்த்தோடு சேர்த்துவிடும். அப்போது திறக்கிற சத்தம், டிக். இதை விடச் சிக்கலானதெல்லாம் என் மேஜைக்கு வாரம் முழுக்க வருகிறது.

"ஒரே நாள்ல எல்லாம் பாக்காத. வாரத்துக்கு ஒண்ணு பாப்போம், நான் லைன்ல இருக்கறப்ப" என்றார் அவர். "அவசரப்பட்டா தப்பாயிரும்."

அந்த மனிதர் எதற்கும் அவசரப்பட்டதில்லை என்பதால் எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கரென்ட் ஓடுகிற எதையும் தொடுவதற்கு முன்னால், சுவிட்ச் பக்கம் இருக்கிறவர் "ஆஃப் ஆச்சு, தொடலாம்" என்று சொல்ல வேண்டும். தொடப்போகிறவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கை வைப்பது. லைன் கிளியர் என்று பெயர். பன்னிரண்டு வோல்ட் காருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. பேட்டரி ஒரு எறும்பைக்கூட ஒன்றும் செய்யாது. ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அது ஊறிப்போன பழக்கம்.

"சாவி ஆஃபா?"

"ஆஃப். என் கையில இருக்கு."

"தொடலாம்."

"தொடலாம்."

சாவி என் கையில். அனுமதி கொடுப்பவர் இரண்டு நாள் ரயில் பயணத் தூரத்தில். இதை வெளியாள் யாராவது கேட்டிருந்தால் எங்களைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் அவர் "தொடலாம்" என்று சொல்லிவிட்டு நான் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருக்கிற அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வாரம், நீள ஸ்க்ரூட்ரைவரின் முனையை இன்ஜெக்டரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். ஒன்றாவது, மூன்றாவது, நான்காவது எல்லாம் டிக்டிக்கென்று ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தன. இரண்டாவது மட்டும் நினைத்தால் அடித்தது, நினைத்தால் நின்றது. "ரெண்டாவதுதான்" என்றேன். "அடுத்த வாரம் காயில் ரெசிஸ்டன்ஸ் பாரு" என்றார். அதோடு போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அங்கே பனிமூட்டத்தில் நேற்று பஸ்ஸே வரவில்லை, எல்லாரும் கைகோத்துக்கொண்டு பிளான்டுக்கு நடந்தோம் என்று சொன்னார். ரூம்மேட்டின் குறட்டையைச் செய்து காட்டினார். நான் அவ்வளவு சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அடுத்த வாரம் மல்டிமீட்டரால் காயிலைப் பார்த்தேன். நான்கும் ஒரே அளவு. காயில் நல்ல காயில். அதற்கடுத்த வாரம், கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வோல்டேஜ் பார்த்தேன். பன்னிரண்டு இருந்தது. மூளைப் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க, லேபில் நானே செய்த குட்டி எல்.ஈ.டி. விளக்கைக் கனெக்டரில் சொருகி இன்ஜினை ஓட்டினேன். அழகாக மினுக்கியது. வோல்டேஜ் வருகிறது, சிக்னல் வருகிறது, காயில் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் அடிக்கவில்லை?

"ம்ம். அப்ப ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் பாரு அடுத்த வாரம்" என்றார்.

ஃபியூஸ் பாக்ஸ் பார்த்தேன். எர்த் பாயின்ட்டைக் கழற்றி உரசி மாட்டினேன். ரிலேயை மாற்றிப் போட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொன்று. ஒவ்வொன்றும் நன்றாக இருந்தது. நடுநடுவே பேச்சு. தெருக் கடைசியில் குவார்ட்டர்ஸ் காலியாகிக் கொல்லையில் முள் மண்டிக் கிடப்பதைச் சொன்னேன். வடலூர் சந்தையில் கருவாடு வாங்கியதைச் சொன்னேன். "கொழம்பு வெச்சியா?" என்று கேட்டார். "ஒரு ஆளுக்கு எதுக்குக் கொழம்பு, வறுத்துத் தின்னுட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. ஒரு ஞாயிறு காலையில் நான் தலை வாரி, பூ வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வீடியோ கால்கூட இல்லை, வெறும் குரல். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் பூவை எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் லேபில் ஒரு கன்ட்ரோல் கேபிள் வந்தது. மீட்டர் வைத்தால் முழு வோல்டேஜ் காட்டுகிறது, ரிலேயை மாட்டினால் ரிலே இழுக்கவே மாட்டேன் என்கிறது. என் பக்கத்து மேஜைக்காரர் குழம்பிப்போய் நின்றார். "லோடு போட்டுப் பாருங்க சார். உள்ள ஒரு இழைதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். மீட்டருக்கு அது போதும், ரிலேவுக்குப் பத்தாது" என்று நான்தான் சொன்னேன். சொன்ன வாய் மூடுவதற்குள் எனக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் சொல்கிற எனக்கு வீட்டுக் கொட்டகையில் இது தோன்றவில்லையே! மீட்டரும் எல்.ஈ.டி.யும் குடிக்கிற கரென்ட் துளியூண்டு. இன்ஜெக்டருக்கு வேண்டியது அதைவிட எத்தனையோ மடங்கு.

ஷிப்ட் முடிந்து வந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் கொட்டகைக்குப் போனேன். நிறையக் கரென்ட் குடிக்கிற லோடாக, காரின் பார்க்கிங் பல்பு ஒன்றைக் கழற்றி, இரண்டு வயர் வைத்து, சாவியை ஆன் செய்து, ஒரு முனையை எர்த்தில் கொடுத்து, இன்னொன்றால் கனெக்டர்களைத் தொட்டேன். ஒன்றாவதில் பளிச்சென்று எரிந்தது. இரண்டாவதில் அழுது வடிந்தது. வயர்க்கட்டைப் பிடித்து ஆட்டினேன். அணைந்தது. விட்டால் எரிந்தது. அப்புறம் அந்த வயர்க்கட்டின்மேல் இருந்த உறையைப் பிரித்தேன்.

அனல் மின் நிலையத்து பேனல் ஒன்றைத் திறந்ததுபோல் இருந்தது. எல்லா வயரும் நேர்கோடாக, ஒன்றை ஒன்று தாண்டாமல், இன்ஜின் மேலிருந்த ஒரு இரும்புப் பட்டையோடு சேர்த்து, விரல்கடைக்கு ஒரு கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. இரண்டாவது இன்ஜெக்டருக்குப் பிரிகிற வயர் டையை ஒட்டிச் செங்கோணமாகத் திரும்பியது. அழகோ அழகு. ஆனால் பேனல் சுவரில் நிற்பது. இன்ஜின் ஆடுவது. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் அது உதறி எழும், வயர் நகர இடமில்லை. டையை வெட்டிவிட்டு அந்த வயரை மெல்ல இழுத்தேன். ரப்பர் மாதிரி நீண்டது. மேல்தோல் முழுசாக இருந்தது, உள்ளே செம்பு அறுந்திருந்தது.

அவர் கை வேலை. கிளம்புவதற்கு முன் பானெட்டுக்குள் தலையை விட்டுக் கழித்தாரே ஒரு ஞாயிறு, அன்றைய வேலை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. கார்க்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். பேனல்காரன்தான் செய்வான். அப்புறம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்கச் சிரிப்பு போய்விட்டது. தான் கட்டிய இடம் அவருக்குத் தெரியாதா? வயரிங்கே பிழைப்பாக இருக்கிற மனிதர், ஃபியூஸ் பாக்ஸைப் பார் என்றார், எர்த்தைப் பார் என்றார், ரிலேயைப் பார் என்றார். இந்த ஒரு இடத்தை மட்டும் பார் என்று ஒரு ஞாயிறுகூடச் சொல்லவில்லை. சுற்றிச் சுற்றி வந்து, இதை மட்டும் விட்டுவிட்டார்.

தன் தப்பு வெளியே வரக் கூடாது என்று என்னை வாராவாரம் நிற்க வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன். தினப்படி போனில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஞாயிறு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சமைக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, லேபில் மீட்டரைப் பார்க்கும்போது, என்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறு காலை அவரே கூப்பிட்டார். "இன்னைக்கு மெயின் கனெக்டர் ஒண்ணு இருக்கும், பேட்டரிக்குப் பின்னால. சாவி ஆஃபா?"

"சாவி கெடக்கட்டும்" என்றேன். "ரெண்டாவது இன்ஜெக்டர் சப்ளை வயரு. நீங்க கட்டின டைக்குப் பக்கத்துல அறுந்திருக்கு. லோடு போட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியும்" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"மொதல் நாளே. நீ ஆக்சிலேட்டர் அமுக்கினப்ப விட்டுவிட்டு வந்துச்சுல்ல. இன்ஜின் அசையறப்ப போகுதுன்னா வயருதான். நான் கட்டின எடம்தான். ஒரு லூப்பு விட்டுக் கட்டியிருக்கணும்."

"தெரிஞ்சுமா என்னைய ஃபியூஸ் பாக்ஸு, எர்த்துன்னு அலைய விட்டீங்க? பேனல்காரருக்குத் தப்பு நடந்துச்சுன்னு சொல்ல அவ்ளோ வெக்கம்?"

"வெக்கமெல்லாம் இல்ல" என்றார். "சொல்லியிருந்தா நீ அன்னைக்கே சரி பண்ணியிருப்ப. அதுக்கப்புறம் சாப்டியான்னு கேட்டுட்டு நான் போனை வெக்கணும்" என்றார்.

ஒரு வாரம் ஒத்திகை பார்த்த வசவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாயைப் பூட்டி வைத்த அந்த மனிதருக்குள்ளும் இந்த ஞாயிறு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குப் பிடித்திருந்ததுபோல அவருக்கும் பிடித்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரு பழைய காரைச் சாக்கு வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது என்று நினைத்தபோது என் மேலேயே எனக்குக் கோபமாகவும் அழுகையாகவும் வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு ரேடியேட்டர் மேல் வைத்தேன்.

"சால்டரிங் அயர்ன் சூடாகிக்கிட்டு இருக்கு. லைன் கிளியர் குடுக்கறீங்களா?" என்றேன்.

"சாவி ஆஃபா?"

"ஆஃப்."

"தொடலாம்" என்றார்.

"தொடலாம்."

மற்ற டைகளையும் வெட்டினேன். அறுந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு துண்டு வயரை நடுவில் சேர்த்து, இரண்டு பக்கமும் முறுக்கிப் பற்றவைத்து, சூட்டில் சுருங்குகிற பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டினேன். இன்ஜின் எந்தப் பக்கம் ஆடினாலும் இழுக்காதபடி தாராளமாக ஒரு வளைவு விட்டு, தளர்வாகக் கட்டினேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் நான் வேலை செய்கிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். கனெக்டரைச் சொருகி ஸ்டார்ட் செய்தேன்.

நான்கும் அடித்தன. உதறல் சுத்தமாக இல்லை. ஆக்சிலேட்டரை அமுக்கினேன், ஒரே சீராக ஏறி இறங்கியது.

"நல்லாருக்கு" என்றார். "சூப்பரா இருக்கு."

"ம்."

பார்க்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. அடுத்த ஞாயிறுக்கு என்று சொல்லி வைக்க ஒரு ஃபியூஸ்கூட இல்லை. இப்போது "சரி" என்பார், நானும் "சரி" என்பேன், மறுபடி அந்த நான்கு வார்த்தைப் போன்கள் தொடங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"சரி" என்றார்.

"இருங்க. வெச்சுராதீங்க" என்றேன். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். "கூப்பிட மாட்டேன்னு சொன்னேன்ல, நீங்க போறப்ப?"

"சொன்ன."

"இப்பக் கூப்பிடறேன். வாங்க. பொங்கலு, தீபாவளி எல்லாம் வேணாம், சும்மா வாங்க. அவங்க லீவு தரலன்னா நான் லீவு போட்டுட்டு அங்க வரேன். எனக்கு இந்த வீட்டுல நீங்க இல்லாம முடியலங்க."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இன்ஜின ஆஃப் பண்ணு. சத்தத்துல சரியா கேக்கல. கடைசியா சொன்னத இன்னொரு தடவ சொல்லு."

அவருக்கு நன்றாகத்தான் கேட்டிருக்கும். நான் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிட்டு, மறுபடியும் சொன்னேன்.